பாய்மரத்தை இறக்கிக் கம்பி மாற்றுதல்: ரிக்கருக்கு எந்த வேலை, நமக்கு எந்த வேலை

முப்பதடிப் பாய்ப்படகு ஒன்றில், பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகளை முழுவதுமாக மாற்றி, பாய்மரத்தையும் செப்பனிட்ட வேலையின் குறிப்புகள் இவை. இடம் இங்கிலாந்தின் தென்கரை, சோலென்ட் பக்கம். அலுமினியப் பாய்மரம், தளத்துக்கு மேலேயே நிற்கும் வகை. ஸ்ப்ரெடர், அதாவது கம்பிகளைப் பக்கவாட்டில் தள்ளிப்பிடிக்கும் கை, ஒரு ஜோடி. கம்பி 6 மி.மீ. தடிமன், 1×19 முறுக்கு (பத்தொன்பது இழைகள்), 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எழுபது, எண்பதுகளில் கட்டிய குடும்பப் படகுகள் பலவற்றில் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

இந்த வேலையைத் தள்ளிப்போட விடாமல் செய்வது பெரும்பாலும் காப்பீடு. கம்பிக்கு பத்து வயது தாண்டிவிட்டால் பல நிறுவனங்கள் பாய்மரமும் கம்பியும் பார்க்கும் தொழிலாளியான ரிக்கரின் எழுத்துப்பூர்வ அறிக்கை கேட்கும். சிலர் பாய்மரம் விழுந்தால் ஈட்டுத்தொகையைக் குறைப்பார்கள். பழைய படகு வாங்கும்போது கம்பி மாற்றிய ரசீது கிடைக்கவில்லையா? மாற்றவே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்றவரின் ஞாபகம் கணக்கில் வராது.

முழுக்க ரிக்கர், இல்லாவிட்டால் முழுக்க நாமே என்று பலர் முடிவெடுக்கிறார்கள். நடுவில் பிரிப்பதுதான் பணத்துக்கும் நிம்மதிக்கும் நல்லது. கிரேன், கம்பி முனையில் குழாயை அழுத்திப் பூட்டும் ஸ்வேஜ் இயந்திரம், பழகிய கண் ஆகிய மூன்றுக்கும் காசு கொடுக்கலாம். கழற்றுவது, துடைப்பது, இறுகிப்போன திருகோடு மல்லுக்கட்டுவது, அளவெடுப்பது, கம்பிகளைப் படகோடு பிணைக்கும் பட்டையான செயின்பிளேட்டை நீர் புகாமல் பூட்டுவது எல்லாம் நேரத்தைத் தின்னும் வேலைகள். ரிக்கரின் மணிக்கூலியில் அவற்றைச் செய்தால் கூலி கம்பியின் விலையைத் தாண்டிப் போய்விடும்.

ரிக்கரிடம் “கம்பி மாற்ற எவ்வளவு ஆகும்?” என்று மட்டும் கேட்டால், மூன்று பேரிடமிருந்து ஒப்பிடவே முடியாத மூன்று தொகைகள் வரும். கிரேன் கட்டணம் சேர்ந்ததா? முன்பாயைச் சுருட்டும் ஃபர்லரைப் பிரித்து, அதன் குழாய்க்குள் ஓடும் முன்கம்பியான ஃபோர்ஸ்டேயையும் மாற்றுவார்களா? கண்ணுக்குத் தெரியாத கம்பி என்பதால் விட்டுப்போவது பெரும்பாலும் அதுதான். கம்பியைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிள், அசைந்து கொடுக்கும் இணைப்பான டாகிள், அவற்றை மாட்டும் கிளெவிஸ் பின் எல்லாம் புதிதா, பழையவையேவா? பாய்மரத்தை நிறுத்தியபின் இழுவிசை பார்ப்பது யார் பொறுப்பு? இவற்றை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய கம்பிகளும் உங்களிடமே வர வேண்டும். நல்ல ரிக்கர் கேட்காமலே எடுத்து, விரிசல் எங்கே என்று விரல் வைத்துக் காட்டுவார். பாய்மரம் நின்றபடி இருக்க, தளத்திலிருந்து அண்ணாந்து பார்த்து எழுதித் தரும் அறிக்கைக்குக் கொடுக்கும் காசு வீண். காலமும் முக்கியம். மார்ச்சில் கூப்பிட்டால் எல்லா ரிக்கருக்கும் கை நிறைய வேலை இருக்கும். அக்டோபரில் படகைக் கரையேற்றும்போதே பாய்மரத்தையும் இறக்கிவிட்டால் குளிர்காலம் முழுக்க நம் கையில்.

கிரேன் வருவதற்கு முன்பே பாய்கள், பெரிய பாயின் அடியை நீட்டிப் பிடிக்கும் பூம், உச்சியிலுள்ள காற்றுமானி ஆகியவை இறங்கியிருக்க வேண்டும். விளக்கு வயர்களையும் வி.ஹெச்.எஃப். ரேடியோ ஆன்டெனா கேபிளையும் தள மட்டத்தில் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். அடுத்து டர்ன்பக்கிள்கள். ஒவ்வொன்றிலும் திருகு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்து எழுதி, ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். புதுக் கம்பியின் நீளம் இந்த எண்களை நம்பித்தான் நிற்கப் போகிறது. கழன்றுவிடாமல் காக்கும் ஸ்பிளிட் பின்களின் விரித்த கால்களை நிமிர்த்தி, டர்ன்பக்கிள்களைக் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்த்தி வைக்கலாம். கிரேன் கொக்கி எடையை ஏந்தும்வரை ஒரு கிளெவிஸ் பின்னையும் உருவக் கூடாது.

கிரேன் பட்டை ஸ்ப்ரெடருக்குக் கீழே, மரத்தின் எடைமையத்துக்கு மேலே இருக்க வேண்டும். பட்டையிலிருந்து ஒரு கயிற்றை மரத்தின் அடியிலுள்ள கயிறு பூட்டும் கிளீட்டுக்கு இறுக்கிக் கட்டினால், தூக்கும்போது பட்டை மேலே நழுவி ஸ்ப்ரெடரில் எடை ஏறாது. அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ள மட்டும் ஓர் ஆள், வேறு வேலை அவருக்குக் கூடாது. ஃபர்லர் குழாய் ஒருமுறை மடங்கினால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஃபோர்ஸ்டேயின் கீழ்முனையைக் கழற்றியதுமே குழாயை மரத்தோடு சேர்த்துப் பல இடங்களில் கட்டுங்கள்.

மரத்தைத் தாங்கிகளில் படுக்கவைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது கம்பிகளின் கீழ்முனை. மழைநீரும் உப்பும் கம்பி வழியே இறங்கி ஸ்வேஜ் குழாயின் வாயில் தேங்கும். மேல்முனை தலைகீழாக இருப்பதால் அங்கே நீர் நிற்காது. அதனால்தான் விரிசல் கீழே முதலில் விழுகிறது, நீளவாக்கில், தலைமுடி அளவில். கண்ணுக்குத் தட்டுப்படாததைச் சாய ஊடுருவல் சோதனை காட்டும்: முனையை நன்றாகச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்து, கால் மணி நேரம் விட்டு, மேலே இருப்பதை முழுவதும் துடைத்துவிட்டு, வெள்ளைப் பூச்சைத் தெளித்தால் விரிசலுக்குள் நின்ற சாயம் சிவப்புக் கோடாக மேலே வரும். ஸ்வேஜ் வாயில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பி கழிவுதான். பத்தொன்பதில் ஒன்றுதானே என்று கணக்குப் போடாதீர்கள். அந்த இழையை அறுத்த அதே உலோகக் களைப்பு மற்ற பதினெட்டிலும் ஏறியிருக்கும்.

பாய்மரத்தின் அடி அடுத்த சந்தேகப் பேர்வழி. வடிகால் துளை அடைத்திருந்தால் உப்புநீர் உள்ளே தேங்கி அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். பொடியைச் சுரண்டிவிட்டு, சுவரின் தடிமனை வெர்னியரால் மேலும் கீழும் அளந்து ஒப்பிடுங்கள். அடியில் மட்டும் தேய்ந்திருந்தால் 20, 25 மி.மீ. வெட்டிவிட்டு, வெட்டிய உயரத்துக்குச் சரியாக ஜி10 கண்ணாடியிழைத் தகட்டை அடியில் வைத்தால் கம்பி நீளம் மாறாது. வெட்டு சதுரமாக இருக்க வேண்டும். கோணல் என்றால் எடை முழுவதும் ஒரு பக்கச் சுவரில் இறங்கும். ஸ்ப்ரெடரின் வேரிலோ, பக்கவாட்டுக் கம்பியான ஷ்ரவுட் மாட்டும் துளையின் ஓரத்திலோ விரிசல் தெரிந்தால் அங்கே நம் வேலை முடிந்தது, ரிக்கர் வரட்டும். மரத்தின் நடுவில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பாய்மர அலுமினியம் வெப்பப் பதத்தால் வலுப்பெற்றது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த வலு இறங்கிவிடும். உள்ளே பொருந்தும் குழாய்த்துண்டை (ஸ்லீவ்) வைத்து ரிவெட் அடிப்பதுதான் வழக்கமான தீர்வு.

அதிகப் பொறுமை கேட்பது ஸ்டெயின்லெஸ் திருகுகள். அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் இருந்து இடையில் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, அந்தப் பொடியே திருகைப் பூட்டிவிடும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவையுங்கள். பிறகு ஹீட் கன்னால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடேற்றி, சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைப் போடுங்கள். பிட் தலைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தொளதொளவென்று இருந்தால் முதல் அடியிலேயே தலை வழுக்கிவிடும். வழுக்கியபின் அதோடு சண்டை போட வேண்டாம். தலையைத் துளைத்து எடுத்து, பாகத்தைக் கழற்றி, மிஞ்சிய தண்டைச் சூடாக்கிப் பிடிபூட்டு இடுக்கியால் திருப்பலாம். அதுவும் முறிந்தால் நடுவில் புள்ளி குத்தித் துளைத்து, ஒரு அளவு பெரிதாக மறை போட வேண்டும்: எம்5க்கு 4.2 மி.மீ. துரப்பணம், எம்6க்கு 5 மி.மீ. திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு திருகிலும் அரிப்பைத் தடுக்கும் பூச்சான டியூராலாக் அல்லது டெஃப்-ஜெல். எடை தாங்கும் பாகங்களுக்கு நிக்கல்-செம்புக் கலவையான மோனல் ரிவெட்தான். கடையில் கிடைக்கும் சாதாரண அலுமினிய ரிவெட் விளக்குப் பெட்டிக்குச் சரி. 6.4 மி.மீ. மோனல் ரிவெட்டை வீட்டு ரிவெட் துப்பாக்கி அசைக்காது, நீளக்கைப்பிடி உள்ளதை வாடகைக்கு எடுங்கள்.

அளவெடுக்கும்போது நீளம் என்பது பின்னின் மையத்திலிருந்து பின்னின் மையம் வரை. கம்பியை யார்டில் நேராக நீட்டி, ஒரு முனையை ஆணியில் மாட்டி, இழுத்துப் பிடித்து ஸ்டீல் டேப்பால் அளக்க வேண்டும். இடமும் வலமும் தனித்தனியாக. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் முன்பு யாரோ ஒரு பக்கம் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். புது டர்ன்பக்கிளின் நீளம் பழையதோடு பொருந்தும் என்று நினைக்க வேண்டாம், அதையும் அளந்து கழியுங்கள். புதுக் கம்பி எடை ஏறியதும் சற்று நீளும் என்பதால், தொடக்கத்தில் டர்ன்பக்கிள் பாதிக்குமேல் திறந்திருக்கும்படி நீளம் வைப்பது நல்லது.

மேல்முனையை ரிக்கரிடம் ஸ்வேஜ் செய்து வாங்கி, கீழ்முனையைப் படகருகிலேயே வெட்டி நாமே ஸ்டா-லாக் முனை போடுவதுதான் எங்கள் பரிந்துரை. அளவு சற்றுப் பிசகினாலும் திருத்த இடம் இருக்கும். எஸ்ஸெக்ஸில் தயாராகும் இந்த முனைக்குப் பெரிய கருவி வேண்டாம், இரண்டு ஸ்பேனர் போதும். கம்பியை டேப் சுற்றி, மெல்லிய வெட்டுத்தகட்டால் சதுரமாக வெட்டுங்கள். நசுக்கி வெட்டும் கத்தரியைத் தொடாதீர்கள். குழல் பகுதியை முதலிலேயே கம்பியில் கோர்த்துவிட வேண்டும். வெளி இழைகள் 12-ஐயும் பிரித்து, உள்ளே நிற்கும் ஏழிழை நடுத்தண்டில் கூம்பை ஏற்றுங்கள். தண்டு கூம்புக்கு மேலே 1.5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். வெளி இழைகளைக் கூம்பைச் சுற்றிச் சீராகப் படியவிட்டு, ஒன்றும் கூம்பின் பிளவுக்குள் விழாமல் பார்த்துக் குழலை மேலே இழுக்க வேண்டும். முனைக்குள் இழைகளை வளைக்கும் ஃபார்மரைப் போட்டுத் திருகி இறுக்கி, மறுபடி திறந்து பாருங்கள். பன்னிரண்டும் சம இடைவெளியில் உள்நோக்கி வளைந்திருந்தால் சரி. உள்ளே கடல் சீலன்ட், மறையில் அது தளராமல் பிடிக்கும் லாக்டைட் ஒரு சொட்டு, கடைசி இறுக்கு. கம்பி நுழையும் வாயில் சீலன்ட் பிதுங்கி வர வேண்டும். வந்தால் அங்கே இனி நீர் தேங்க இடமில்லை. முனையைப் பின்னாளில் மறுபடி பயன்படுத்தலாம், கூம்பு மட்டும் புதிதாக வேண்டும்.

செயின்பிளேட்டை ஒன்றாவது முழுதாக உருவிப் பார்த்துவிடுங்கள். காற்றுப்படாமல் ஈரம் நிற்கும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் அரிக்கும், தளத்தின் தடிமனுக்குள் புதைந்திருக்கும் பட்டை அப்படிப்பட்ட இடம். மேலும் கீழும் பளபளவென்றிருக்கும், நடுவில் பழுப்புக் குழி. குழி ஆழமாக இருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். திரும்பப் பொருத்தும்போது மூடித்தகட்டின் அடியில் பியூட்டைல் டேப்.

மரத்தை நிறுத்தியபின் நேர் பார்க்க, பெரிய பாயை ஏற்றும் ஹாலியார்டை ஒருபக்கச் செயின்பிளேட்டைத் தொடும்படி பூட்டி, அதே நீளத்தில் மறுபக்கம் கொண்டுபோங்கள். இரண்டும் ஒத்துவரும்வரை மேல் ஷ்ரவுட்களைத் திருப்ப வேண்டும். இழுவிசைக்கு பாய்மரம் தயாரிக்கும் செல்டென் நிறுவனம் சொல்லும் மடக்கு அளவுகோல் முறையே போதும். கம்பி கையிறுக்கத்தில் இருக்கும்போது 2 மீட்டர் கோலின் ஒரு முனையைக் கம்பியில் ஒட்டி, மறுமுனை நிற்கும் இடத்தில் கம்பியில் குறியிடுங்கள். இறுக்க இறுக்கக் குறி விலகும். 1×19 கம்பியில் 1 மி.மீ. விலகல் என்பது அறுபடும் எடையில் 5 சதவீதம். 6 மி.மீ. கம்பி ஏறத்தாழ 3 டன்னில் அறுபடும் என்பதால் 3 மி.மீ. விலகல் சுமார் 450 கிலோ. ஸ்ப்ரெடர் நேராக நிற்கும் மரத்துக்கு மேல் ஷ்ரவுட்டில் 15 சதவீதம், பின்னோக்கிச் சாய்ந்தவற்றுக்கு 20 வரை போகலாம். ஸ்டெயின்லெஸ் மறை ஸ்டெயின்லெஸ் மறையைக் கடித்துக்கொள்ளும் என்பதால் திருப்பும் முன் லானோலின் தடவ மறக்க வேண்டாம்.

கடைசிச் சரிசெய்தல் தண்ணீரில். நல்ல காற்றில் படகு 20 பாகை சாயட்டும். காற்றுக்கு மறைவுப் பக்க ஷ்ரவுட் சற்றுத் தளரலாம், தொங்கி ஆடக் கூடாது. ஆடினால் அந்தத் தளர்ந்த பக்கத்தை மட்டும் இறுக்கி, எத்தனை சுற்று என்று எண்ணி, திசை மாறியபின் மறுபக்கமும் அதே சுற்று. எடை ஏறியிருக்கும் பக்கத்தில் ஸ்பேனர் வைத்தால் மறை போகும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு இன்னொரு முறை பார்த்துவிட்டு ஸ்பிளிட் பின்களைப் போடுங்கள். அதுவரை தடித்த ஒயரை டர்ன்பக்கிளுக்குள் ஓட்டிக் கட்டிவைத்தால் கழன்றுவிடாது. ஸ்பிளிட் பின் புதிதாக இருக்கட்டும், நீளம் கிளெவிஸ் பின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, கால்களை 20 பாகைக்கு மேல் விரிக்க வேண்டியதில்லை. கூர்முனையில் பாய் கிழியாமலிருக்க டேப் ஒரு சுற்றுப் போதும்; டர்ன்பக்கிள் முழுவதையும் சுற்றினால் உள்ளே உப்புநீர் தேங்கும்.