கோல சிலாங்கூர் மின்மினியும் இருநூறு வெள்ளி காரும்

கோலாலம்பூரில் எங்கே தங்குவது, எதில் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தருகிறேன் என எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன்னால் அந்தக் கார்க்காரர் கணக்கைத் தீர்த்தாக வேண்டும்.

தங்கியது கோலாலம்பூரின் லிட்டில் இந்தியாவான பிரிக்பீல்ட்ஸ். பூக்கடை, இட்லிக்கடை, புடவைக்கடை எல்லாம் காலடியில். ரட்டைக் கோபுரம், பத்துமலை 272 படி பற்றியெல்லாம் ஊரே எழுதிவிட்டது, விட்டுவிடுகிறேன். நான் இந்த ஊருக்கு வந்ததே கோல சிலாங்கூர் ஆற்றங்கரையில் ஒன்றாக மின்னும் மின்மினிகளைப் பார்க்கத்தான். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். பகலில் பஸ்ஸில் போய்விடலாம்; மின்மினி பார்க்கவேண்டியது இருட்டிய பிறகு, திரும்பி வருவதுதான் பாடு. மின்மினி இருக்கும் கம்போங் குவாந்தான் டவுனிலிருந்து இன்னும் ஒன்பது கிலோமீட்டர் உள்ளே. ஆகவே கார்.

போக, வர, காத்திருக்க இருநூறு வெள்ளி என்றார் டிரைவர். ரிங்கிட்டை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். மனசு உடனே இருபதால் பெருக்கியது: நாலாயிரம் ரூபாய்! தென்காசியிலிருந்து சென்னைக்கு நானும் என் வீட்டுக்காரரும் ரயிலில் போய்த் திரும்பி, மிச்சத்தில் ஒரு சேலையும் எடுத்துவிடலாம். பேரம் பேசிப் பார்த்தோம். மனிதர் அசையவில்லை.

சுங்கை பூலோ தாண்டுவதற்குள் வண்டி நின்றது. கொஞ்சம் ஊரும், நிற்கும், மறுபடி ஊரும். "முன்னுக்கு ஏதோ எக்சிடன் அக்கா. எவனோ மோதிட்டான்" என்றார் டிரைவர். முக்கால் மணி நேரம் கழித்து நெரிசல் தானாகக் கலைந்தது. மோதிய வண்டி இல்லை, போலீஸ் இல்லை, தோண்டிய பள்ளம்கூட இல்லை. டிரைவருக்கு ஏமாற்றம். "தூக்கிட்டுப் போயிருப்பாங்க" என்று சமாளித்தவர், அடுத்த மூச்சிலேயே ஜாமுக்காக முப்பது வெள்ளி கூடுதலாகக் கேட்டார்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவளால் சும்மா இருக்க முடியுமா? ஜப்பானில் சுகியாமா என்பவரும் கூட்டாளிகளும் 2008இல் வெளியிட்ட சோதனையைச் சொன்னேன். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்கள். சிக்னல் இல்லை, பாதை குறுகும் இடமும் இல்லை. எல்லாரும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டுங்கள் என்றார்கள். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு யாரோ ஒருவர் லேசாக மெதுவானார்; பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் அழுத்தி பிரேக் போட்டார்; அவருக்குப் பின்னால் வந்தவர் நின்றேவிட்டார். அந்த நெரிசல் ஒரு அலை மாதிரி பின்பக்கமாக, மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. கார்கள் முன்னே போகின்றன, ஜாம் பின்னே போகிறது. தப்பு செய்தவன் என்று ஒருவனைப் பிடித்து நிறுத்த முடியாது. சாலையில் வண்டி ஒரு அளவுக்கு மேல் நெருங்கிவிட்டால், அவரவர் முன்வண்டியை மட்டும் பார்த்து ஓட்டுவதிலிருந்தே ஜாம் பிறந்துவிடுகிறது.

டிரைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ முப்பது வெள்ளி?" என்றார். கொடுக்கவில்லை.

புக்கிட் ரோத்தானில் ஒரு தமிழர் கடையில் நிறுத்தச் சொன்னோம். அந்தச் சாப்பாட்டுக்காக மட்டும் டிரைவரைப் பாதி மன்னிக்கலாம். வாழையிலை, சோறு, அப்பளம், மோர் மிளகாய். பாகற்காயைக் காகிதம் போல் சீவி மொறுமொறுவென்று வறுத்திருந்தார்கள்; பாகற்காய் என்றாலே எழுந்து போகும் என் வீட்டுக்காரர் மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். நண்டுப் பிரட்டலில் மிளகும் சோம்பும் தூக்கலாக, ஓட்டை உடைத்தால் கைமுட்டி வரை மசாலா வழிகிறது. ரசத்தைத் தம்ளரில் தனியாகக் கொடுத்தார்கள். கடைக்கார அம்மா பக்கத்தில் வந்து நின்று, "நண்டு பத்துமா? கூச்சப்படாதீங்க, இன்னும் கொஞ்சம் போடுறேன்" என்றார். கோலாலம்பூரில் ஏசி போட்ட கடைகளில் இதே சாப்பாட்டுக்கு இரண்டு மடங்கு கொடுத்துவிட்டுப் பாதி ருசியோடு எழுந்து வந்திருந்தோம். அந்தப் பக்கம் போகிறவர்கள் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்.

அங்கிருந்து படகுத்துறைக்குப் போகும் வழியில் டிரைவர் தன் ஆராய்ச்சியை எடுத்துவிட்டார். மின்மினிகளுக்கு ஒரு ராஜா உண்டாம். அது விளக்குப் போட்டால்தான் மற்றவை போடுமாம். சாலையில் முன்னுக்கு ஒரு எக்சிடன், மரத்தில் ஒரு ராஜா. மனிதருக்கு எதிலும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

இங்கே துடுப்புப் படகுதான், மோட்டார் கிடையாது. காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு ஏறினோம். எங்களோடு உள்ளூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்று: ஒரு பாட்டி, மகள், பேரன். கரையோரம் பெரெம்பாங் மரங்கள். உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் வளரும் அலையாத்தி மரம் அது. ஆறு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்குமோ என்னமோ, அந்த வண்டுகள் அதன் இலைகளில்தான் கூடுகின்றன. இனத்தின் பெயர் டெராப்டிக்ஸ் டெனர்.

விளம்பரப் படங்களை நம்பிப் போகாதீர்கள். மரம் முழுக்க ஒரே நொடியில் பற்றி எரிவது போல் காட்டுவார்கள். நேரில் முதலில் தெரிவது ஒழுங்கில்லாத சிமிட்டல். கண் பழகியதும் ஒரு கிளை சேர்ந்து துடிப்பது தெரிகிறது, பிறகு பக்கத்துக் கிளை, பிறகு இரண்டும் ஒன்றாக. நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை. இது எனக்குப் படத்தைவிட நூறு மடங்கு பிடித்தது. ஒழுங்கு உருவாவதையே பார்க்கக் கிடைக்கிறதே! ராஜா இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் அல்லவா சேரவேண்டும்? இங்கே துண்டு துண்டாகச் சேர்கிறது.

1690இல் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) வந்த ஜெர்மன் மருத்துவர் எங்கல்பர்ட் கெம்ப்ஃபர் இப்படி மரங்கள் மின்னுவதைக் குறித்து வைத்தார். மேற்கில் பலர் நம்பவில்லை. 1917இல் பிலிப் லாரன்ட் என்ற ஒருவர், பூச்சி சேர்ந்து மின்னுவதாவது, என் கண்ணிமைதான் துடித்திருக்கிறது என்கிற அளவுக்கு எழுதினார். இங்கே படகோட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். 1960களில் உயிரியல் ஆராய்ச்சியாளர்களான ஜான் பக், எலிசபெத் பக் தம்பதி தாய்லாந்து போய், மின்மினிகளைப் பிடித்து பாங்காக் ஓட்டல் அறைக்குள் இருட்டில் விட்டார்கள். சுவரிலும் திரையிலும் உட்கார்ந்த பூச்சிகள் முதலில் இரண்டிரண்டாக, பிறகு மூன்று மூன்றாக ஒத்துப் போயின. வெளியிலிருந்து வரும் சைகை எதுவும் தேவையில்லை, அக்கம்பக்கத்து வெளிச்சமே போதும் என்று தெரிந்தது.

கணக்கு இதைவிட அழகு. ஒவ்வொரு பூச்சிக்குள்ளும் ஒரு தொட்டி முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் நிரம்பி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பைத் தொட்டதும் ஒரு மின்னல், தொட்டி காலி, மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் ஒன்று மின்னினால் இதன் மட்டம் சட்டென்று கொஞ்சம் உயரும். அந்த உயர்வு விளிம்பைத் தாண்டிவிட்டால் இரண்டும் ஒன்றாக மின்னும், அதற்குப் பிறகு பிரியாது. கணிதவியலாளர் சார்ல்ஸ் பெஸ்கின் 1975இல் இந்த மாதிரியை எழுதியது மின்மினிக்காக அல்ல, இதயத்தை இயக்கும் செல்களுக்காக. நம் இதயத்திலும் ஆயிரக்கணக்கான செல்கள் மேஸ்திரி இல்லாமல் ஒரே தாளத்துக்கு வருகின்றன. 1990இல் ரெனாட்டோ மிரொல்லோவும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்சும், இப்படி நிரம்பிக் காலியாகும் ஒரே மாதிரியான துடிப்பான்கள் எத்தனை இருந்தாலும், எல்லாம் ஒன்றையொன்று பார்த்தால், எந்த நிலையில் தொடங்கினாலும் (மிக அபூர்வமான சில தொடக்கங்களைத் தவிர) கடைசியில் ஒன்றாகிவிடும் என்று நிரூபித்தார்கள். உண்மையான மின்மினி இத்தனை எளிமை இல்லை. ஒவ்வொரு இனமும் தன் தாளத்தை ஒவ்வொரு விதமாகத் திருத்திக்கொள்கிறது. அண்டை அயலைப் பார்த்துத் திருத்திக்கொள்வது மட்டும் பொது.

இதைப் படகில் விளக்க ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். பாட்டி மட்டும், "சொல்லட்டும்யா, பிள்ளை நல்லாத்தானே சொல்லுது" என்றார். அவர் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வேலை பார்த்தவர். "அப்பல்லாம் இதவிட நெறைய. கரையில மரத்த வெட்டி வெட்டி கொறஞ்சிருச்சு" என்றார். மரத்தை மட்டும் விட்டுவைத்தாலும் போதாது. புழுப்பருவத்தில் மின்மினிகள் மரத்தில் இல்லை, கரைக்குப் பின்னால் ஈரமண்ணில் சின்ன நத்தைகளைத் தின்று வாழ்கின்றன. அந்த நிலத்தைத் திருத்தினால் அடுத்த தலைமுறை கிடையாது. மின்விளக்கு வெளிச்சம் கூடினாலும் ஒன்றையொன்று பார்ப்பது கெடும். எங்களுக்கு முன்னால் போன படகில் ஒருவர் பிளாஷ் போட்டுப் போட்டுப் படம் எடுத்தார். படத்தில் அவருக்கு விழுந்திருக்கப் போவது இலை மட்டும்தான்.

அடுத்த நாள் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகக் காடு. ஈயச் சுரங்கம் தோண்டிப் பாழாய்ப்போன நிலத்தில் 1920களிலிருந்து நட்டு வளர்த்த காடு. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நகரத்துக்குப் பக்கம், செலவு குறைவு. கபூர் மரங்களுக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மர உச்சிகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் வாய்க்கால் வெட்டியது போல் வானம் தெரிகிறது. காற்றில் உரசிக் கிளை நுனி ஒடிவதால் இந்த இடைவெளி என்பது ஒரு கட்சி. இதே கபூர் மரங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் இங் 1977இல் வேறு சொன்னார்: வளரும் நுனி பக்கத்து மரத்தின் நிழலை உணர்ந்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. நான் இங் கட்சி. அங்கே போய் அந்தக் கோடுகளின் சீரைப் பார்த்தால் நீங்களும் அநேகமாக அந்தப் பக்கம்தான் சாய்வீர்கள்.

நம் பெருமாள் கோயில் தீர்த்தத்தில் விழும் பச்சைக் கற்பூரம் பழங்காலத்தில் இந்தக் கபூர் மரத்திலிருந்துதான் வந்தது. அதற்குப் பேர்போன சுமாத்திராவின் பாரூஸ் துறையில் தமிழ் வணிகர் குழுவான ஐந்நூற்றுவர் 1088இல் வைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இதை அங்கே வந்திருந்த இரண்டு தமிழ்க் கல்லூரிப் பிள்ளைகளிடம் சொன்னேன்; செல்பி எடுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்துதான் சொன்னேன்.

வாக்குக் கொடுத்த விவரம் இதோ. நாலு பேராகச் சேர்ந்து கார் எடுங்கள், ஜாமுக்குக் காசு இல்லை என்று ஏறும்முன்பே பேசிவிடுங்கள். மாலையில் மழை பிடித்தால் படகு போகாது, ஆகவே இதைப் பயணத்தின் கடைசி இரவுக்கு ஒத்திப்போடாதீர்கள். நிலா பெரிதாக இருக்கும் நாளைத் தவிருங்கள். கொசு மருந்தைக் காரிலேயே பூசிக்கொள்ளுங்கள், படகில் ஏறி அந்த மரங்களுக்குப் பக்கத்தில் புஸ்ஸென்று அடிக்காதீர்கள், மின்மினியும் பூச்சிதான்.