வீட்டோடு சேர்ந்து வருபவை: அல்பீர் கடற்கரையில் குடியேறிய அனுபவம்

ஸ்பெயினின் அலிகாந்தே மாகாணத்தில், பெனிடோர்முக்கும் அல்தெயாவுக்கும் நடுவே, செர்ரா ஜெலாதா மலையின் அடிவாரத்தில் இருக்கும் அல்பீர் என்னும் சிறிய கடற்கரை ஊரில், நானும் மனைவியும் 2023 இல் பழைய தொடர்மாடி வீடொன்றை வாங்கினோம். எண்பதுகளில் இலங்கையிலிருந்து நோர்வேக்கு வந்து, அதன் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் முதல் வேலையைத் தேடிக்கொண்ட தமிழர்களில் நாங்களும் இருந்தோம். அங்கே நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரியில்தான் மீண்டும் முகங்காட்டும். ஓய்வுபெற்ற பின்னர் வெயில் தேடித் தெற்கே வருவது நோர்வேஜியர்களிடம் நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம். அல்பீர் அடங்கிய லால்ஃபாஸ் டெல் பி நகராட்சியில் அவர்களுக்கென்று பாடசாலையும் தேவாலயமும்கூட உள்ளன. அவர்கள் போட்ட பாதையில்தான் நாங்களும் வந்து சேர்ந்தோம்.

இங்கே வீடு வாங்க நினைக்கும் தமிழர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, ஸ்பெயினில் சில கடன்கள் ஆளை விட்டுவிட்டு வீட்டைப் பிடித்துக்கொண்டு வருகின்றன என்பதையே. முன்னைய உரிமையாளர் நகராட்சிக்குச் செலுத்தாமல் விட்ட சொத்துவரிக்கு அந்த வீடே பிணையாக நிற்கும். தொடர்மாடியின் உரிமையாளர் சங்கத்துக்கு அவர் வைத்த பாக்கியில், விற்பனை நடக்கும் ஆண்டுக்கும் அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் உரிய தொகையைச் சட்டப்படி புதிய உரிமையாளரிடமிருந்து அறவிடலாம். ஈடு வைக்கப்பட்டிருந்தால், அது முறையாக நீக்கப்படும்வரை பதிவேட்டில் வீட்டின் மேலேயே இருக்கும். ஆகவே சொத்துப் பதிவகத்தில் ‘நோட்டா சிம்ப்ளே’ எனப்படும் பதிவுச் சுருக்கத்தையும், சங்கத்தின் நிர்வாகியிடம் பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றிதழையும், நகராட்சி வரி கட்டிய பற்றுச்சீட்டையும் பெற்றுப் படித்த பின்னரே பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

ஊரில் நொத்தாரிசு உறுதி எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், இங்கும் நொத்தாரிசு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று நம்பிவிடக்கூடும். ஸ்பெயினின் நொத்தாரிசு இரு தரப்புக்கும் பொதுவான அரச அலுவலர். அவர் ஆள் அடையாளத்தையும் பதிவேட்டையும் பணம் செலுத்திய வழியையும் சரிபார்ப்பார். மூடிக் கட்டப்பட்ட பல்கனி அனுமதியோடுதான் கட்டப்பட்டதா என்று நேரில் வந்து பார்க்கமாட்டார். அதற்கு, விற்பவரோடும் முகவரோடும் தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞர் நமக்கென்று வேண்டும். எங்களுக்கு மிகவும் பிடித்திருந்த முதல் வீட்டில், கண்ணாடியால் அடைத்து அறையாக்கிய பல்கனி, பதிவேட்டிலும் இல்லை, காணி அளவைப் பதிவான கதாஸ்த்ரோவிலும் இல்லை என்று கண்டு சொன்னவர் எங்கள் வழக்கறிஞர்தான். கடல் முழுவதும் அந்த அறையிலிருந்துதான் தெரிந்தது. மனைவிக்கு மிகுந்த வருத்தம். ஆனாலும் அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

வழக்கமாக விலையில் பத்து வீதத்தை அச்சவாரமாகக் கொடுத்து ‘அர்ராஸ்’ என்ற உடன்படிக்கை எழுதப்படுகிறது. அதைச் சிவில் சட்டத்தின் 1454 ஆம் பிரிவின்படி எழுதியிருந்தால், வாங்குபவர் பின்வாங்கினால் அந்தப் பணத்தை இழப்பார். விற்பவர் பின்வாங்கினால் இருமடங்காகத் திருப்பித் தர வேண்டும். இதற்கு முன்னதாகவே வெளிநாட்டவருக்கான அடையாள இலக்கத்தை எடுத்து வைத்திருப்பது நல்லது. நாங்கள் வாங்கியபோது வலென்சியப் பிராந்தியத்தில் பழைய வீட்டுக்கான கைமாற்று வரி பத்து வீதம். 2022 முதல், அரசு குறித்துவைத்திருக்கும் உசாத்துணைப் பெறுமதி வாங்கிய விலையைவிட உயர்வாக இருந்தால், அந்தப் பெறுமதிக்கே வரி கணக்கிடப்படுகிறது. விலையோடு இந்த வரியையும் நொத்தாரிசு, பதிவு, வழக்கறிஞர் செலவுகளையும் கூட்டிப் பார்க்காமல் வங்கியில் போய் இருக்கக்கூடாது. ஸ்பெயினில் வசிக்காதவருக்கு வங்கிகள் பொதுவாக அறுபது, எழுபது வீதத்துக்கு மேல் கடன் தருவதில்லை.

வீட்டைக் கோடையில் பார்ப்பதைவிட ஜனவரியில் பார்ப்பதே மேல். இந்தக் கரையோரத்துப் பழைய வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை: ஓடு பதித்த தரை, மெல்லிய ஜன்னல், மைய வெப்பமூட்டல் இல்லாத அறைகள். வெளியே பதினாறு பாகை இளவெயில் இருக்கும்போதும் வடக்கு நோக்கிய அறைக்குள் கம்பளிச் சட்டையோடு இருக்க வேண்டியிருக்கும். ஒஸ்லோவில் வெளியே பனி கொட்டும்போதும் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்த எங்களுக்கு இது புதுமை. சுவரின் கீழ்ப்பகுதியில் ஈரக்கசிவு உண்டா, உப்புக்காற்றால் பல்கனியின் கம்பிகள் துருப்பிடித்துச் சீமெந்தைப் பிளந்திருக்கின்றனவா என்பவற்றைக் குளிர்காலத்தில்தான் தெளிவாகப் பார்க்கலாம். இலையுதிர் காலத்து மழையையும் மறக்கக்கூடாது. 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா நகரைச் சூழ்ந்த ஊர்களில் வந்த வெள்ளம் இருநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மாதக்கணக்கில் வறண்டு கிடக்கும் ஓடைப் படுக்கைகள் சில மணி நேரத்தில் ஆறாகிவிடும் நிலம் இது. வெள்ள அபாய வரைபடங்களை அரசு பொதுவில் வைத்திருக்கிறது. எந்த வீட்டையும் அதில் தேடிப் பார்த்துவிட்டே அடுத்த அடியை வைக்க வேண்டும்.

குடிவந்த பின்னர் எங்கள் வாழ்வில் பெரிய இடம் பிடித்தது உரிமையாளர் சங்கம். 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு தொடர்மாடியும் இப்படியொரு சங்கமாக இயங்குகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு வீதம் குறிக்கப்பட்டிருக்கும். மாதச் செலவும், கூரை திருத்தவோ மின்தூக்கி மாற்றவோ விதிக்கப்படும் ‘தெர்ராமா’ என்ற மேலதிகக் கட்டணமும் பெரும்பாலும் அந்த வீதப்படியே பிரிக்கப்படும். பாக்கி வைத்திருப்பவர் கூட்டத்தில் பேசலாம், வாக்களிக்க முடியாது. இந்தக் கூட்டங்களைத் தவறவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். பாதி உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருப்பதால், வந்திருக்கும் சிலரே எல்லாருக்குமான செலவைத் தீர்மானித்துவிடுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் பழைய நீர்க்குழாய்களை மாற்றும் தீர்மானத்தை முன்னின்று நடத்திய ஸ்பானிய மூதாட்டியுடன் அரைகுறை மொழியில் பேசப் போய்த்தான், இந்த ஊரில் எங்களுக்கு முதல் நட்பு கிடைத்தது.

இலண்டனிலும் கனடாவிலும் உள்ள உறவினர் அடிக்கடி கேட்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். வீடு வாங்கினால் வதிவுரிமை கிடைக்கும் என்ற பேச்சு இனிச் செல்லாது. ஐந்து இலட்சம் யூரோ முதலீட்டுக்குக் கொடுக்கப்பட்டு வந்த அந்த விசா 2025 ஏப்ரல் 3 அன்று முடிவுக்கு வந்தது. நோர்வேக் குடியுரிமை இருந்ததால் எங்களுக்குப் பதிவு மட்டும் போதுமாயிற்று. ஓய்வூதியரான எங்கள் மருத்துவச் செலவு நோர்வே வழங்கிய எஸ்1 படிவத்தின் மூலம் இங்கே ஏற்கப்படுகிறது. பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர்கள், சொந்த வீடே இருந்தாலும், விசா இல்லாமல் 180 நாள்களில் 90 நாள்களுக்கு மேல் தங்க முடியாது.

உறுதி கைக்கு வந்த சில மாதங்களில் இருவரும் மரணசாசனம் எழுதினோம். ஸ்பானியச் சட்டம் சொத்தில் பெரும்பங்கைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குவதால், துணைவரின் நிலை இறுக்கமாகிவிடக்கூடும்; ஆனால் 2015 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதிகளின்படி, ஒருவர் தமது குடியுரிமை நாட்டின் வாரிசுச் சட்டத்தைச் சாசனத்தில் தெரிவு செய்யலாம். எதைத் தெரிவு செய்வது என்று ஒஸ்லோவில் இருக்கும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டே பேசினோம். எழுதிய சாசனத்தின் விவரத்தை மாட்ரிட்டில் உள்ள மத்திய பதிவேட்டுக்கு நொத்தாரிசே அனுப்பிவைத்தார்.