திருவண்ணாமலை கார்த்திகை தீபம்: இரவுப் புகைப்படக் குறிப்புகள்

21 நவம்பர் 2023, ஐந்தாம் திருநாள்

இரவு வெள்ளிப் பெரிய ரிஷப வாகனப் புறப்பாடு. மாட வீதியில் கேமராவின் ஒளி மீட்டரை நம்பவே கூடாது. கறுத்த வானத்தைப் பார்த்து அது வெளிச்சத்தை ஏற்றிவிடும். ரிஷபத்தின் நெற்றி வெளுத்துப் போய் வெள்ளி வேலைப்பாடு அத்தனையும் காணாமல் போகும். கேமராவை மேனுவலில் வைத்து, ஃபோகஸ் விளக்கு படும் வெள்ளியைப் பார்த்து அளக்கவும். 85 மி.மீ. லென்ஸ், எஃப் 2.2 (லென்ஸ் திறப்பு; எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/200 நொடி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 1600-இல் தொடங்கலாம்.

எஃப் 1.8 லென்ஸ் கையில் இருக்கிறது என்பதற்காக எப்போதும் 1.8-இலேயே எடுக்க வேண்டியதில்லை. ஏழு மீட்டர் தள்ளி நின்றால் அதில் துல்லியமாக விழுவது முக்கால் மீட்டர் ஆழம்தான். சுவாமி முகம் தெளிவாக இருக்கும், ரிஷபத்தின் மூக்கு கரைந்துவிடும். எஃப் 4-க்கு வந்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் கிடைக்கும். வாகனம் ஆடி ஆடி வருவதால் ஷட்டரைக் குறைக்காமல் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவதே நல்லது. ஐ.எஸ்.ஓ. ஏறிப் படத்தில் புள்ளி விழுந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். ஆடிப்போன முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

22 நவம்பர்

வெள்ளித் தேர். சீரியல் பல்புகளால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும். எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து, தேர் நிற்கும் நேரமாகப் பார்த்து 1/100-இல் எடுத்தால் கோடு பெரும்பாலும் போய்விடும். லென்ஸின் முன்னால் மாட்டும் கண்ணாடியான யு.வி. ஃபில்டரையும் கழற்றிவிடுங்கள். கற்பூரச் சுடர் அதில் பட்டுத் தெறித்து, படத்தின் எதிர்மூலையில் தலைகீழாக இன்னொரு சுடர் தெரியும்.

26 நவம்பர், மகா தீபம்

கோயில் மலையின் கிழக்கடிவாரத்தில் இருக்கிறது. ராஜகோபுரத்துக்குக் கிழக்கே நின்றால் கோபுரம் முன்னே, மலை பின்னே. சூரியன் மலைக்குப் பின்னால் ஐந்தே முக்கால் வாக்கில் இறங்கும். ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம். அந்தக் கால் மணி நேரத்தில் வானம் நீலமாகவும் மலை விளிம்பு கத்தியால் கீறியது போலவும் இருக்கும். இதுதான் முக்கியமான நேரம்.

வெளிச்சம் இருக்கும்போதே மலையுச்சியைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, ஆட்டோ ஃபோகஸை அணைத்து, லென்ஸ் வளையத்தில் டேப் ஒட்டிவிடவும். இருட்டில் புகைக்கு நடுவே லென்ஸ் தேடிக்கொண்டிருக்கும். தீபம் ஏறும் கணம் அதற்குள் போய்விடும். எஃப் 2, 1/125, ஐ.எஸ்.ஓ. 800. வானம் மங்க மங்க ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஏற்றினால் போதும். சுடர் எப்படியும் வெளுக்கும், அதற்காக மலையைக் கறுக்க விட வேண்டாம்.

"அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கைகள் உயர்ந்ததும் உச்சி மறைந்துவிடும். அப்போது அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸுக்கு மாறி, திரும்பிக் கூட்டத்தின் முகங்களை எடுங்கள். மலைத்தீபம் கண்ட பிறகே வீடுகளில் அகல் ஏற்றுவார்கள். அகல் வெளிச்சத்துக்கு வொயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமன்) 3200 கெல்வினில் நிறுத்தினால் அதன் மஞ்சள் படத்தில் தங்கும். ஆட்டோவில் விட்டால் அந்த மஞ்சளே போய்விடும்.

27 நவம்பர்

இன்று பௌர்ணமி. கிழக்கே எழும் நிலவு மலைமுகத்தில் விழுவதால் பாறையும் செடியும் தெரியும். தீபம் பதினொரு நாள் எரியும். நிலவு தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமாகவே எழும் என்பதால், நாலைந்து நாள் கழித்து முன்னிரவில் மலை வெறும் கறுப்பு உருவமாக நிற்கும். கூட்டமும் இருக்காது, டிரைபாட் விரிக்கலாம்: எஃப் 4, 4 நொடி, ஐ.எஸ்.ஓ. 400.