ஆறாம் மாதத்தில் போட்டுக்கொண்ட தடுப்பூசி

கர்ப்பிணிகளும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 ஜூலை 2 அன்று அறிவித்தபோது எனக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஊசி கிடையாது. தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காததால், ஜனவரி 16 அன்று நாடு முழுவதும் தடுப்பூசி போடும் பணி தொடங்கியபோதே எங்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பாலூட்டும் தாய்மார்களுக்கு மே மாதத்தில் அனுமதி கிடைத்தது. வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவர்கள்தாம் இரண்டாம் அலை முழுவதையும் முகக்கவசத்தை மட்டும் நம்பிக் கடக்க வேண்டியிருந்தது.

அந்த மே மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தஞ்சை மாவட்டத்தில் பாபநாசத்தை அடுத்த எங்கள் ஊரில், இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பெண் எட்டு மாதக் கர்ப்பிணியாக மருத்துவமனைக்குப் போனவள் திரும்பவில்லை. குழந்தையை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பொதுமுடக்கத்தில் துக்கம் விசாரிக்கக்கூட யாரும் போக முடியவில்லை. முதல் அலையில் தொற்று கண்ட கர்ப்பிணிகளிலும் பிரசவித்த பெண்களிலும் 0.7 விழுக்காட்டினர் இறந்தார்கள் என்றும், இரண்டாம் அலையில் அது 5.7 விழுக்காடாக உயர்ந்துவிட்டது என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்றைப் பற்றிய செய்தி ஜூன் மாதத்தில் வந்தது. என் கணவர் அந்தச் செய்தித்தாளை மடித்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். நான் ஏறி எடுத்துப் படித்தேன்.

ஆகவே அறிவிப்பு வந்ததும் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. எனக்கு மட்டும் என்றால் ஒரு நொடி யோசித்திருக்க மாட்டேன். வாய் திறந்து சம்மதம் சொல்ல முடியாத ஓர் உயிருக்கும் சேர்த்து நானே முடிவெடுக்க வேண்டியிருந்ததுதான் என்னைத் தடுத்தது. நான் பரிசோதனைக்குச் சென்றுவந்த தனியார் மருத்துவமனையில், "போட்டுக்கொள்ளலாம், ஆனால் உங்கள் விருப்பம்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். எதை வைத்து விரும்புவது என்று கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை.

வீட்டில் அத்தை ஒரே பிடியாக மறுத்தார். ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் மறுநாள் மாரடைப்புக்கு ஆளாகி 17ஆம் தேதி காலமானதிலிருந்து அவருக்கு அந்த ஊசி என்றாலே கை நடுங்கும். இதயக் குழாய் அடைப்புதான் காரணம், தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே விளக்கியிருந்தார்கள். ஆனாலும் அத்தையின் காதில் விழுந்தது ஊசியும் சாவும் மட்டுமே. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் முதல் பிரசவத்தில் இரவு பகல் பாராமல் கூடவே இருந்தவர் அவர். அவருடைய மறுப்பு முழுவதும் என் மேலும் வயிற்றிலிருந்த பிள்ளை மேலும் வைத்த பாசத்திலிருந்து வந்தது.

குழப்பம் தீர்ந்தது எங்கள் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியரால்தான். ஊரில் எல்லோருக்கும் அவர் நர்சம்மா. ஜூலை இரண்டாம் வாரத்தில் வீட்டுக்கு வந்தவர், என் தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பிரசவத் தேதியைப் பார்த்துவிட்டு, சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கோவிஷீல்டு போட்டால் இரண்டாம் தவணைக்குக் குறைந்தது 84 நாள் காத்திருக்க வேண்டும், அதாவது அக்டோபர் நடுவில், ஒன்பதாம் மாதத்தில்; கோவாக்சின் என்றால் 28 நாளில் அடுத்தது, ஆகஸ்டிலேயே இரண்டும் முடிந்துவிடும் என்று விரலால் தாளைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். "மூணாவது அலை வந்தா அக்டோபர், நவம்பர்ல உனக்கு ரெண்டு தவணையும் முடிஞ்சிருக்கணும்மா, அதுதான் என் கணக்கு" என்றார். எங்கள் வட்டார நிலையத்துக்கு எந்த மருந்து வருகிறதோ அதைத்தான் போட முடியும், ஆனால் கோவாக்சின் வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றும் சொன்னார்.

பிறகு அத்தையிடம் திரும்பினார். "இவளோட மூத்த புள்ளைக்கு வயித்துல இருந்தப்ப ரணஜன்னி ஊசி நான்தானே போட்டேன், அப்ப நீங்கதானே கையைப் புடிச்சுக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். கோவாக்சின் செயலிழக்கச் செய்த கிருமியைக் கொண்டு தயாரிப்பது, அது உடம்புக்குள் போய்ப் பெருகாது, பல ஆண்டுகளாகப் போட்டுவரும் சில தடுப்பூசிகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அத்தை பதில் பேசவில்லை. "ஆடி பொறக்கப் போகுதே, ஆவணியிலே பாத்துக்கலாமே" என்று மட்டும் முனகினார். மறுப்பு தேதி தள்ளுவதாக மாறியதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதற்கிடையில் நானாகவே அருகிலிருந்த ஒரு முகாமுக்குப் போய்ப் பார்த்தேன். அறிவிப்பு வந்து பத்து நாளாகியும், கர்ப்பிணிகளுக்குப் போடும் உத்தரவு தங்கள் கைக்கு வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றபின் கேட்ட அந்தச் சொல் மிகவும் வலித்தது. வரிசையில் நிற்கும் கர்ப்பிணியிடம் தொடக்கத்திலேயே அதைச் சொல்லியிருக்கலாம். இன்னொரு நாள் போனபோது இருப்பு இல்லை என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

ஜூலை 20, செவ்வாய்க்கிழமை காலை நர்சம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும், திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், ஆகவே ஆள் சேர்த்துக்கொண்டுதான் திறப்பார்கள். மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12 அன்றே தண்ணீர் திறந்துவிட்டதால் குறுவை நடவு மும்முரமாக இருந்தது, பகலில் வீட்டில் யாரையும் பார்க்க முடியாது. நர்சம்மா மூன்று ஊர்க் கர்ப்பிணிகளுக்கும் தனித்தனியே பேசி ஆறு பேரைத் திரட்டியிருந்தார், மற்ற நால்வர் நடவிலிருந்து சேற்றுக் காலோடு வந்த பெண்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் ஆதார் அட்டையையும் தாய் சேய் நல அட்டையையும் சரிபார்த்தார்கள். இரத்த அழுத்தமும் எடையும் பார்த்தபின் மருத்துவர் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசினார். காய்ச்சல், கைவலி, அசதி வரலாம். அவை ஓரிரு நாளில் போய்விடும். அடுத்த இருபது நாளுக்குள் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, விடாத தலைவலி, பார்வை மங்கல், தோலில் இரத்தப் புள்ளிகள் போல ஏதேனும் தோன்றினால் நேரம் கடத்தாமல் வர வேண்டும். மிக அரிதாக நேரக்கூடியதையும் மறைக்காமல் சொன்னது எனக்கு அச்சத்தைக் கூட்டவில்லை, நம்பிக்கையைத்தான் தந்தது. சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டேன். என் கை தானாக வயிற்றின் மேல் போயிருந்ததை மருத்துவர் பார்த்துவிட்டு, "அசைவு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது.

நீல நிறப் பெட்டியிலிருந்து பனிக்கட்டிப் பொதிகளுக்கு நடுவே இருந்த குப்பியை நர்சம்மா எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காலாவதித் தேதியை வாய்விட்டுப் படித்தார், மெதுவாகக் குலுக்கினார், ரப்பர் மூடியைத் துடைத்துவிட்டு அரை மில்லி அளவுக்கு உறிஞ்சி எடுத்தார். ஒருமுறை அழுத்தினால் மீண்டும் இழுக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழல் அது. இடது தோளில் எறும்பு கடித்தாற்போல் இருந்தது, அவ்வளவுதான். பிறகு அரை மணி நேரம் மரத்தடிப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் இருந்த நடவுக்காரப் பெண் கூலி போய்விடுமே என்று கவலைப்பட்டுக்கொண்டே இருந்தாள், ஆனாலும் அரை மணி முடியும்வரை எழுந்து போகவில்லை.

அன்று இரவு காய்ச்சல் வந்தது. கர்ப்பக் காலத்தில் காய்ச்சலை வளரவிடக் கூடாது என்று சொல்லியிருந்ததால், மருத்துவர் கொடுத்திருந்த பாராசிட்டமால் மாத்திரையை உடனே போட்டுக்கொண்டேன். அத்தை தூங்கவே இல்லை. ஒரு மணிக்கு ஒருமுறை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். விடியற்காலையில் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்ததை அவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டினேன். மறுநாள் மாலைக்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. இரண்டாம் தவணையை ஆகஸ்ட் 18 அன்று, ஆவணி பிறந்த கையோடு போட்டுக்கொண்டேன். அம்முறை கைவலி தவிர எதுவும் இல்லை. கோவின் தளத்தில் என் பெயரில் ஓர் எழுத்து தவறாகப் பதிவாகியிருந்ததைத் திருத்தத்தான் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்களை அப்போதே சரிபார்த்துக்கொள்ளும்படி பின்னால் போனவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு முழுவதும் முதல் மாபெரும் தடுப்பூசி முகாம் நடந்தபோது, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் மேசை போட்டிருந்தார்கள். நாங்கள் யாரும் அத்தையை அழைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோடு அவராகவே போய்க் கோவிஷீல்டு போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பால் தோளை மூடியபடி வந்து நின்றார். "ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார்.

நவம்பர் நடுவில் மகள் பிறந்தாள், மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. டிசம்பர் 29, புதன்கிழமை, அவளுக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடத் துணை சுகாதார நிலையத்துக்குப் போனோம். அத்தைக்கும் இரண்டாம் தவணைக்கான நாள் கடந்திருந்தது. நர்சம்மா முதலில் குழந்தையின் தொடையைத் துடைத்தார். அவள் வீறிட்டு அழுதபோது அத்தை அவளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, மறு கையின் ரவிக்கைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.