பிளெண்டர் திடீர் திடீரென மூடிக்கொண்டதும் கிராஃபிக்ஸ் டிரைவரும்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு வீட்டின் மாதிரியைச் செய்துகொண்டிருந்தேன். மாடலிங் வரை சிக்கலே இல்லை. பரப்புகளின் நிறமும் தன்மையும் தெரியும் மெட்டீரியல் பிரிவியூவுக்கு மாறினால் போதும், திரை ஒரு நொடி உறையும், அப்புறம் பிளெண்டர் மூடிக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. கடையில் கேட்டதற்கு ராம் கூட்டச் சொன்னார்கள். டாஸ்க் மேனேஜரிலோ பாதி ராம் காலியாகவே இருந்தது.

அதே கோப்பை, பிளெண்டரின் இன்னொரு எஞ்சினான சைக்கிள்ஸில், சிபியுவை மட்டும் வைத்து ரெண்டர் செய்து, அதாவது முழுப் படமாக்கிப் பார்த்தேன். படம் முழுசாக வந்தது. அங்கேதான் துப்பு கிடைத்தது. மெட்டீரியல் பிரிவியூவை வரைவது ஈவீ எஞ்சின். அது கிராஃபிக்ஸ் கார்டை நம்பியே ஓடுகிறது. சிபியு ரெண்டரின் கணக்கு கார்டுக்குப் போவதே இல்லை. ஆக, கோப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு.

அடுத்து, கணினியில் நடப்பதைப் பதிந்து வைக்கும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். விண்டோஸ் லாக்ஸ், அதில் அப்ளிகேஷன். பிளெண்டர் மூடிய நேரத்துக்கு நேராக, 1000 என்ற எண்ணோடு சிவப்புக் குறியிட்ட பதிவு இருந்தது. அதில் பார்க்க வேண்டியது, எந்தக் கோப்பில் பிழை நடந்தது என்று சொல்லும் ‘ஃபால்டிங் மாட்யூல்’ என்ற வரியை. அங்கே வரும் கோப்பின் பெயர் ‘என்வி’ என்று தொடங்கினால் என்விடியா டிரைவர், ‘ஏடிஐ’ என்றால் ஏஎம்டி, ‘ஐஜி’ என்றால் பெரும்பாலும் இன்டெல். எனக்கு வந்ததும் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளின் கோப்புதான். எந்த நிரல் இப்படி மூடிக்கொண்டாலும், அதை அழித்துத் திரும்ப நிறுவும் முன் இந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

2023 நவம்பரில் வந்த பிளெண்டர் 4.0 முதல், விண்டோஸில் குறைந்தது ஓபன்ஜிஎல் 4.3 வேண்டும்; நிரல்கள் கார்டை வரையச் சொல்லும் பொது முறை அது. என் கார்டுக்கு அந்தத் தகுதி உண்டு. டிரைவர்தான் பல வருடப் பழசு. டிவைஸ் மேனேஜரில் புதுப்பிக்கச் சொன்னால், சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது என்றது. அது மைக்ரோசாஃப்ட் வழியாக வருவதை மட்டுமே தேடும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலும் பழைய பதிப்புதான் கிடந்தது. சிப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் புதியது கிடைத்தது.

அதை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்தேன். இணையம் இருந்தால், பழையதை நீக்கியதும் விண்டோஸ் தானாகவே வேறொரு டிரைவரைப் போட்டுவிடக்கூடும். விண்டோஸ் அடிப்படைக் கூறுகளோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் போய் டிடியு என்ற இலவசக் கருவியால் பழைய டிரைவரைத் துடைத்தேன். வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் கவனம்: சேஃப் மோடுக்குப் போகும்போது ரெக்கவரி கீ கேட்கலாம், அதைக் கைவசம் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். நீக்கியதும் எழுத்தும் ஐகானும் பெரிதாகத் தெரியும். அது விண்டோஸின் அடிப்படை டிரைவர், பயப்பட வேண்டாம்.

புதிய டிரைவர் ஏறியதும் மெட்டீரியல் பிரிவியூ முதல் முறை ஷேடர்களை (பரப்பை வரையக் கார்டில் ஓடும் சிறு நிரல்களை) தயார் செய்யச் சற்று நேரம் எடுத்தது, பிறகு தடங்கலின்றி ஓடியது. கார்டு பதில் சொல்ல விண்டோஸ் தரும் 2 நொடிக் கெடுவை, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கூட்டச் சொல்லிப் பலர் சொல்வார்கள். கனமான ரெண்டரில் கார்டு திணறினால் அது உதவும். டிரைவருக்குள்ளேயே பிழை இருந்தால் அதனால் பயனில்லை, அந்த வழிக்கு நான் போகவில்லை.