மைதான வேலிக்கு வெளியே ஒரு மக்காச்சோள அடுப்பு

2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியைப் பார்க்கத் தென்னாப்பிரிக்கா போனபோது, ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவிலுள்ள பார்க் ஸ்டேஷனுக்கு வந்து சேர ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் என்னிடம் 600 ராண்ட் வாங்கினார். அப்போது ஒரு ராண்டுக்கு ஏறக்குறைய ஆறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,600 ரூபாய். நியாயமான கட்டணம் இதில் பாதிதான் என்பது பேருந்துச் சீட்டுக்காக வரிசையில் நின்றபோது மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்ததற்குக் காரணம் பயம். ஊரில் கிளம்புவதற்கு முன் பல மாதங்களாகப் படித்த செய்திகள் எல்லாம், இரவில் அந்த நகரத்தில் பத்து நிமிடம் தெருவில் நின்றால் உயிர் தப்பாது என்று என்னை நம்ப வைத்திருந்தன. இதை எழுதும் 2010 ஜூலையில், நான் திரும்பி வந்து பத்து நாள்கள்தான் ஆகின்றன. செலவுக் கணக்கை வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதைவிட இந்தப் பயத்தைப் பற்றி எழுதுவதுதான் அவசியம் என்று இப்போது தோன்றுகிறது.

2006 உலகக் கோப்பையை நடத்தும் உரிமையை 12க்கு 11 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் ஜெர்மனியிடம் இழந்து, பிறகு 2004 மே மாதத்தில் மொராக்கோவை வென்று 2010க்கான உரிமையைத் தென்னாப்பிரிக்கா பெற்ற நாள் முதலே, அந்த நாட்டால் இது முடியுமா என்ற கேள்வி ஓயவில்லை. மைதானங்கள் குறித்த தேதியில் முடியாது என்றார்கள். 2008இல் மின்வெட்டு வந்ததும் விளக்கே எரியாது என்றார்கள். கடைசி நேரத்தில் போட்டி வேறு நாட்டுக்கு மாற்றப்படும் என்ற வதந்தி ஆண்டுதோறும் கிளம்பியது. இந்தக் கவலைகள் எல்லாமே போகிற விருந்தாளியைப் பற்றியவை: அவருடைய பை பத்திரமாக இருக்குமா, அவர் ஏறும் வண்டி நேரத்துக்கு வருமா, அவருக்கு அறை கிடைக்குமா? விருந்து வைக்கிற வீட்டுக்காரருக்கு என்ன ஆகும் என்று நானும் கேட்டதில்லை. பன்னிரண்டு நாள்கள் அங்கே சுற்றிய பிறகு, அதைக் கேட்காமல் விட்டது பெரிய பிழை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து புதிய கௌட்ரெயின் ஓடுகிறதே, அதில் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். போட்டி தொடங்க மூன்று நாள்கள் இருக்கையில், ஜூன் 8ஆம் தேதி திறக்கப்பட்ட அந்த அருமையான ரயில், அப்போது விமான நிலையத்தையும் சாண்டனையும்தான் இணைத்தது. சாண்டன் என்பது வங்கிகளும் பெரிய ஓட்டல்களும் நிறைந்த பகுதி. சாதாரண மக்கள் பேருந்து ஏறும் பார்க் ஸ்டேஷன் வரையிலான பாதை அப்போது முடிந்திருக்கவில்லை. எது முதலில் முடிக்கப்பட்டது, எது காத்திருந்தது என்பதை அன்றிரவு என் பணப்பையே எனக்கு உணர்த்தியது.

டர்பனுக்குப் போன இரவுப் பேருந்தை நான் எளிதில் மறக்க மாட்டேன். ஜூன் மாதம் அங்கே கடுங்குளிர் காலம். வண்டியில் வெப்பமூட்டும் கருவி வேலை செய்யவில்லை. என் இருக்கைக்குப் பக்கத்து ஜன்னல் முழுதாக மூடவும் இல்லை. ஹாரிஸ்மித்தில் வண்டி நின்றபோது புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. டிராக்கன்ஸ்பர்க் மலையை வான் ரீனன் கணவாய் வழியாக இறங்கும்போது, கையிலிருந்த இரண்டு சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டும் பல் கிட்டியது. பக்கத்து இருக்கைக்காரர் தன் கம்பளியில் பாதியை என் முழங்கால்மேல் போர்த்திவிட்டார். எந்த நாட்டு மக்களைப் பார்த்துப் பயப்படச் சொன்னார்களோ, அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் உதவி அதுதான்.

அவர் மைதானக் கட்டுமானத்தில் கம்பி கட்டும் வேலை பார்த்தவர். 2009 ஜூலையில் ஏறக்குறைய 70,000 கட்டுமானத் தொழிலாளர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்து 12 சதவீத ஊதிய உயர்வு பெற்றார்களே, அதில் இவரும் ஒருவர். அந்த வேலைநிறுத்தச் செய்தியை நான் அப்போதே படித்திருந்தேன். மைதானம் முடியாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டேனே தவிர, அவர்கள் என்ன கூலிக்கு வேலை செய்தார்கள் என்று யோசித்ததில்லை. மைதானம் முடிந்ததும் அவருடைய வேலையும் முடிந்துவிட்டது. டர்பன் துறைமுகத்தில் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தார். தான் கட்டிய மைதானத்தில் ஓர் ஆட்டமாவது பார்த்தாரா என்று கேட்டேன். உள்ளூர்க்காரர்களுக்கு 140 ராண்டில் சீட்டு இருந்தது. ஆனால் விற்பனை நெடுங்காலம் இணையம் வழியாகவே நடந்தது. ஏப்ரல் மாதத்தில்தான் நேரடியாகக் கவுன்டர்களில் விற்றார்கள். அன்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க அவரால் முடியவில்லை.

டர்பனில் ஓவர்போர்ட் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பின்கட்டு அறையில் இரவுக்கு 300 ராண்ட் கொடுத்துத் தங்கினேன். ஓட்டல்களில் கேட்ட வாடகையோடு ஒப்பிட்டால் இது பெரும் மிச்சம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தத் துறைமுகத்தில் வந்திறங்கியதன் 150ஆம் ஆண்டு அது. வீட்டுக்கார ஆன்ட்டிக்குத் தமிழில் பத்துப் பதினைந்து சொற்களுக்கு மேல் தெரியாது. ஆனாலும் என்னை வாய் நிறையத் 'தம்பி' என்று கூப்பிட்டார். அவர் வாங்கி வரச் சொன்ன பன்னி சௌதான் இந்தப் பயணத்தின் தலைசிறந்த சாப்பாடு. முழு ரொட்டியில் கால் பாகத்தை வெட்டி, உள்ளே குடைந்து, அந்தக் குழியில் சுடச்சுட ஆட்டுக்கறிக் குழம்பை உருளைக்கிழங்கோடு நிரப்பி, குடைந்தெடுத்த ரொட்டியை மேலே வைத்து, துருவிய கேரட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் கலந்ததைப் பக்கத்தில் தருகிறார்கள். கரண்டி கேட்கக் கூடாது, கையால்தான் சாப்பிட வேண்டும். குழம்பு ஊறிய அடிரொட்டிக்காகவே இன்னொரு முறை டர்பன் போகலாம். நான்கு நாள்களில் ஐந்து முறை சாப்பிட்டேன்.

ஆன்ட்டி சொன்ன ஒரு செய்தி அந்தச் சாப்பாட்டின் நடுவிலும் என்னை உறுத்தியது. போட்டிக்காக 41,000 காவலர்கள் தனியாக ஒதுக்கப்பட்டார்கள். 56 சிறப்பு நீதிமன்றங்கள் இரவு வரை இயங்கின. வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் ஒரு புதன்கிழமை வழிப்பறி செய்த இருவருக்கு அந்த வெள்ளிக்கிழமையே 15 ஆண்டுச் சிறைத்தண்டனை வழங்கப்பட்டது. ஆன்ட்டி வீட்டில் நடந்த திருட்டுக்கு இரண்டு ஆண்டுகளாக ஒரு விசாரணைத் தேதிகூட வரவில்லை. அரசால் விரைவாகச் செயல்பட முடியும் என்பதை இந்த ஒரு மாதம் காட்டிவிட்டது. போட்டி முடிந்த பிறகு தனக்கும் அந்த விரைவு கிடைக்குமா என்று அவர் கேட்டதில் கசப்பு இல்லை, உண்மையான ஆவல்தான் இருந்தது.

மறுநாள் வார்விக் சந்திப்புக்குப் போனேன். ரயிலும் பேருந்தும் மினிபஸ் டாக்சிகளும் சந்திக்கும் அந்த இடத்தைத் தினமும் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் கடந்து செல்கிறார்கள். அங்குள்ள அதிகாலைச் சந்தை 1910இல் தொடங்கியது. இந்திய வம்சாவளிக் காய்கறிக் குடும்பங்களும் சூலு வியாபாரிகளும் பக்கம் பக்கமாகக் கடை போட்டிருக்கிறார்கள். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் அங்கே குவிந்து கிடப்பதைக் கண்டு சில நிமிடங்கள் அசையாமல் நின்றுவிட்டேன். இந்தச் சந்தையை எடுத்துவிட்டு வணிக வளாகம் கட்ட வேண்டும், அதுவும் உலகக் கோப்பைக்கு முன்பே முடிய வேண்டும் என்று 2009இல் நகராட்சி முனைந்தது. வியாபாரிகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடினார்கள். நூறாவது ஆண்டிலும் சந்தை நின்றுகொண்டிருந்தது. சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் கடற்கரையைத்தான் காட்டுகின்றன. டர்பனுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் முதலில் இங்கேதான் போக வேண்டும்.

ஜூன் 22 என் வாழ்நாளின் மிகச் சிறந்த நாள்களில் ஒன்று. பிற்பகலில் கடற்கரையில் அமைத்திருந்த ரசிகர் திடலில், கட்டணம் எதுவுமின்றி, தென்னாப்பிரிக்காவும் பிரான்சும் புளும்ஃபோன்டெய்னில் ஆடிய ஆட்டத்தைப் பெரிய திரையில் பார்த்தோம். கூமாலோவும் முபேலாவும் அடித்த கோல்களுக்கு எழுந்த வுவுசெலா ஊதுகுழல்களின் ஓசையில் மார்புக்கூடு அதிர்ந்தது. தென்னாப்பிரிக்கா 2-1 என்று வென்றும், கோல் கணக்கில் பின்தங்கி, போட்டியை நடத்தும் நாடுகளில் முதல் சுற்றிலேயே வெளியேறிய முதல் நாடாக ஆனது. அழுதவர்கள் இருந்தார்கள், அழுதுகொண்டே ஆடியவர்களும் இருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு முதியவர் என் தோளைப் பிடித்து இழுத்து வட்டத்தில் சேர்த்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் என் பணப்பை சட்டைப்பையிலேயே பத்திரமாக இருந்தது.

மாலையில் மோசஸ் மபீடா மைதானத்தில் நைஜீரியாவும் தென்கொரியாவும் மோதின. கோல் கம்பங்களுக்கு மிக அருகிலிருந்து, எதிரே யாரும் இல்லாத கோலில் நைஜீரியாவின் யாகுபு பந்தை வெளியே அடித்ததை நேரில் பார்த்த 61,874 பேரில் நானும் ஒருவன். ஆட்டம் 2-2 என முடிந்தது, கொரியா அடுத்த சுற்றுக்குப் போனது. மைதானத்தின் அழகைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். 106 மீட்டர் உயரத்தில் ஒற்றை வளைவு முழு அரங்கையும் தாண்டிப் போகிறது. இரவில் விளக்கேற்றியபோது கடலிலிருந்து எழுந்த பிறைபோல் இருந்தது.

ஆனால் அந்த மைதானத்துக்கு அருகிலேயே 50,000க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய ரக்பி மைதானம் ஒன்று நல்ல நிலையில் இருந்தது. அதைச் செப்பனிட்டுப் பயன்படுத்தாமல், 300 கோடி ராண்டுக்கு மேல் செலவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டியது தவறு என்பதே என் கருத்து. இன்னொன்றும் மனத்தை அறுத்தது. மோசஸ் மபீடா நிறவெறி ஆட்சியை எதிர்த்த தொழிற்சங்கத் தலைவர், நாடு கடந்து வாழ்ந்து 1986இல் மொசாம்பிக்கில் இறந்தவர். அவர் பெயர் தாங்கிய மைதானத்தில் ஜூன் 13 இரவு, ஜெர்மனி ஆட்டம் முடிந்தபின், கூலி உறையில் 190 ராண்ட் மட்டுமே இருந்தது என்று முறையிட்ட பாதுகாப்புப் பணியாளர்கள் மீது காவலர்கள் கண்ணீர்ப்புகை வீசினார்கள். நான் போன நாளில் நுழைவாயில் சோதனையைக் காவல்துறையே நடத்தியது. கண்ணியமாகத்தான் நடத்தினார்கள், குறை சொல்ல மாட்டேன். வேலை போன அந்தப் பாதுகாப்புப் பணியாளர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவில் ஜூலை 2 இரவு, கானாவும் உருகுவேயும் ஆடிய காலிறுதியை ஒரு மதுக்கடையில் பார்த்தேன். கானாவின் கியான் அடித்த பெனால்டி மேல்கம்பத்தில் மோதியபோது அந்தத் தெரு முழுவதும் ஒரே நொடியில் அமைதியானது. அங்கிருந்து விடுதிக்கு என்னைக் கொண்டுவந்துவிட்ட இளைஞர்கள் பெட்ரோலுக்குக்கூடப் பணம் வாங்க மறுத்துவிட்டார்கள்.

டர்பன் ஆட்டத்துக்குப் பிந்தைய காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைதானத்திலிருந்து நெடுந்தூரம் தள்ளி, மினிபஸ் டாக்சிகள் நிற்கும் ஒரு தெருமுனையில், கரியடுப்பில் மக்காச்சோளம் வாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் ஐந்து ராண்டுக்கு ஒரு கதிர் வாங்கினேன். முன்பெல்லாம் ரக்பி ஆட்ட நாள்களில் வாசலருகிலேயே அடுப்பு வைப்பாராம். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவுக்காக நகரங்கள் இயற்றிய துணைவிதிகளின்படி, போட்டிக் காலத்தில் மைதானங்களைச் சுற்றியுள்ள பகுதிகளில் அனுமதியின்றி யாரும் எதையும் விற்கக் கூடாது. உள்ளே விளம்பரதாரர்களின் பானங்கள் மட்டுமே விற்றன. 80 டாலர் கொடுத்து உள்ளே போன எனக்கு, அந்த வேலிக்குள் வாட்டிய சோளத்தின் வாசனையே இல்லை என்பது அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது.

கோபமா என்று கேட்டேன். ஆட்டம் எப்படி இருந்தது, யாகுபு அதை எப்படித் தவறவிட்டான் என்று அவர் திருப்பிக் கேட்டார். தெரிந்தவரையில் கைகளால் நடித்துக் காட்டினேன். பிறகு அடுப்பை விசிறிக்கொண்டே, டர்பனில் இன்னும் மூன்று ஆட்டங்கள்தான் பாக்கி, அதன்பின் பழைய இடத்துக்குப் போய்விடுவேன் என்று விரல்விட்டு எண்ணினார். ஜூலை 7ஆம் தேதி, ஸ்பெயினும் ஜெர்மனியும் ஆடிய அரையிறுதியுடன் அந்த மூன்றும் முடிந்துவிட்டன. அவருடைய அடுப்பு இந்நேரம் பழைய வாசலுக்குத் திரும்பிவிட்டதா என்று டர்பனிலிருக்கும் ஆன்ட்டியைப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன்.