இன்னொரு சர்வரிலிருந்து இன்க்ளூட் செய்து பார்த்தேன்

என்னிடம் இரண்டு சிறிய தளங்கள், இரண்டும் வேறு வேறு சர்வரில். இரண்டிலும் ஒரே மெனு, தேதியைத் தமிழில் எழுதித் தரும் ஒரே ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு). ஓரிடத்தில் திருத்தினால் மற்றதிலும் மாற வேண்டும் என்பது ஆசை. பிஎச்பி என்ற நிரல்மொழியில் இன்க்ளூட் என்பது இன்னொரு கோப்பை எடுத்து அங்கேயே ஓட்டும் கட்டளை. அதற்குக் கோப்பின் பாதைக்குப் பதிலாக முழு யூஆர்எல்லையும் கொடுக்கலாம். நேரடித் தளத்தில் கை வைக்காமல், கணினியிலேயே 8001, 8002 என இரண்டு போர்ட்டுகளில் (ஒரே கணினியில் ஓடும் சர்வர்களைப் பிரித்துக்காட்டும் எண்கள்) பிஎச்பியோடு வரும் சர்வரை ஓடவிட்டேன். பக்கம் 8001இல், அது எடுக்கும் பொதுக் கோப்புகள் 8002இல். இரண்டாக ஓட்டுவது அவசியம். அந்தச் சர்வர் ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளைத்தான் கவனிக்கும் என்பதால், தன்னிடமே யூஆர்எல் கேட்டால் அப்படியே நின்றுவிடும்.

முதலில் கிடைத்தது எச்சரிக்கைதான். இன்க்ளூட்டில் யூஆர்எல்லை அனுமதிக்கும் அலவ்_யூஆர்எல்_இன்க்ளூட் அணைந்திருக்கிறது என்றது. 2006இல் பிஎச்பியின் 5.2 பதிப்போடு வந்த அமைப்பு இது. ஆரம்பத்திலிருந்தே அணைத்துத்தான் தருகிறார்கள், 7.4 முதல் கைவிடப்படும் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். நிரலுக்குள்ளிருந்து இதை மாற்ற முடியாது, சர்வரைத் தொடங்கும்போதே கொடுக்க வேண்டும். கொடுத்தேன்.

மெனு அழகாக வந்தது. ஆனால் தேதி ஃபங்ஷனை அழைத்ததும், அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று பக்கம் நின்றது. காரணம் எளிது: 8002 அந்த பிஎச்பி கோப்பைத் தானே ஓட்டிவிட்டு, வெளியீட்டை மட்டும் அனுப்புகிறது. மெனுவுக்கு வெளியீடு உண்டு. ஃபங்ஷனை வரையறுப்பதற்கு வெளியீடு எதுவும் இல்லை. அது அங்கேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடுகிறது.

சரி, கோப்பின் பெயரை டாட் டிஎக்ஸ்டி என்று மாற்றினேன். இப்போது நிரல் அப்படியே எழுத்தாக வந்து, 8001இல் ஓடியது. தேதியும் தமிழில் வந்தது. யூஆர்எல் தெரிந்த எவரும் அந்த நிரலை பிரவுசரிலேயே படிக்கலாம் என்பது முதல் சிக்கல். அதைவிடப் பெரியதைப் பார்க்க, 8002இல் இருந்த கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: ஓடும் இடத்து ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று காட்டு. 8001இன் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்ததும், டேட்டாபேஸ் கடவுச்சொல் வைக்கும் கோப்பு உட்பட எல்லாப் பெயர்களும் வரிசையாக வந்து நின்றன. 8001 பக்கம் நான் எதையும் தொடவே இல்லை. அந்தக் கோப்பை வாசித்துக் காட்டவோ அழிக்கவோ இன்னொரு வரி போதும். இன்க்ளூட் செய்யும் யூஆர்எல்லைப் பார்வையாளர் அனுப்பும் மதிப்பிலிருந்து எடுத்தால், அந்த வரியை எழுதும் உரிமை ஊரில் உள்ள எல்லோருக்கும் போய்விடும். இதைத்தான் ரிமோட் ஃபைல் இன்க்ளூஷன் தாக்குதல் என்கிறார்கள்.

வேகத்தையும் பார்த்தேன். 8002இல் ஐந்து விநாடி தூங்கச் சொன்னால், 8001இன் ஒவ்வொரு பக்கமும் அதே ஐந்து விநாடி காத்திருக்கிறது. மறுமுனை பதிலே சொல்லாவிட்டால், பிஎச்பியின் வழக்கமான காத்திருப்பு 60 விநாடி. அதுவரை எந்தப் பார்வையாளர் இருப்பார்?

அதனால் ஃபங்ஷனையும் மெனுவையும் பிரித்துவிட்டேன். ஃபங்ஷன்கள் தனி கிட் களஞ்சியத்துக்கு (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் இடம்) போய்விட்டன. பிஎச்பி நிரல்தொகுப்புகளை இறக்கித் தரும் கம்போசர் என்ற கருவி வழியாக இரண்டு சர்வரிலும் நகலாக இறங்குகின்றன. எந்தப் பதிப்பு என்பதைக் கம்போசரின் லாக் (பூட்டு) கோப்பு பிடித்து வைத்திருக்கிறது. நான் அப்டேட் கொடுக்கும்போது மட்டும் நிரல் மாறும், பக்கம் திறக்கும்போதெல்லாம் அல்ல.

மெனுவை, வந்ததை ஓட்டாமல் எழுத்தாக மட்டும் வாங்கும் ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் கொண்டு, இரண்டு விநாடி காலவரம்போடு, நேரடித் தளத்தில் எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் எடுக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து உள்ளூர்க் கோப்பில் சேமிக்கிறது. எடுக்க முடியாவிட்டால் பழைய நகல். அந்த நகலைக் காட்டும்போதும் இன்க்ளூட் வேண்டாம், கோப்பை ஓட்டாமல் அப்படியே காட்டும் ரீட்ஃபைல் போதும். இன்க்ளூட் என்றால், உள்ளே பிஎச்பி டேக் ஏதாவது இருந்தால் அதுவும் ஓடிவிடும். 8002ஐ நிறுத்திவிட்டுப் பார்த்தேன்: மெனு இருந்தது, பக்கமும் உடனே திறந்தது. அலவ்_யூஆர்எல்_இன்க்ளூட்டையும் அணைத்தாயிற்று.

ஒரு ஓட்டை பாக்கி. வரும் எச்டிஎம்எல்லுக்குள் ஸ்கிரிப்ட் இருந்தால் அது பார்வையாளரின் பிரவுசரில் ஓடும். அதனால் மெனுவை ஜேசானாக (தரவை மட்டும் எழுதும் வடிவம்) மாற்றிக்கொண்டிருக்கிறேன்: தலைப்பும் இணைப்பும் மட்டும் அங்கிருந்து வரும். இணைப்பு எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்குகிறதா என்று பார்த்து, தலைப்பையும் இணைப்பையும் எஸ்கேப் செய்து (அதாவது அவை டேக்காக அல்லாமல் வெறும் எழுத்தாகவே படிக்கப்படும்படி மாற்றி), டேக்குகளை இங்கேயே எழுதிவிடலாம். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று மெனுவில் நிறம் மாற்றிக் காட்டுவதும் அப்போது சுலபம்.